இந்தியாவில் வணிகக்குறியும் அதன் பதிவும்

வணிகக்குறி என்பது ஒருவரின் பொருளையோ சேவையையோ மற்றவர்களுடையவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம் ஆகும். பேச்சுவழக்கில் இது டிரேட்மார்க் என்றும், வணிகச் சின்னம், வர்த்தக முத்திரை என்றும் சொல்லப்படுகிறது. சொல், பெயர், எழுத்து, எண், படம், கையொப்பம், லேபிள், பொட்டலத்தின் தோற்றம், பொருளின் வடிவம், நிறச் சேர்க்கை ஆகிய எதுவும் வணிகக்குறியாக இருக்கலாம். வரைந்து அல்லது எழுதிக் காட்டக்கூடியதாகவும், ஒருவர் பொருளை மற்றவர் பொருளிலிருந்து வேறுபடுத்தக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்பதே சட்டம் கேட்கும் தகுதி. ஒலியும் குறியாகலாம். யாஹூ நிறுவனத்தின் கூவல் ஒலி 2008இல் இந்தியாவில் பதிவான முதல் ஒலிக்குறி ஆகும். மும்பையின் தாஜ் மகால் பேலஸ் விடுதி தன் கட்டடத்தின் தோற்றத்தையே 2017இல் பதிவு செய்துகொண்டது.

இந்தியாவில் வணிகக்குறிகளை இப்போது ஆள்வது 1999ஆம் ஆண்டின் வணிகக்குறிகள் சட்டம். இது 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ளது. இதற்கு முன் 1940ஆம் ஆண்டுச் சட்டமும், பிறகு 1958ஆம் ஆண்டுச் சட்டமும் இருந்தன. பதிவு நடைமுறையையும் கட்டணத்தையும் 2017ஆம் ஆண்டின் வணிகக்குறி விதிகள் வகுக்கின்றன.

இருட்டுக்கடை வழக்கு

வணிகக்குறி உரிமை எங்கிருந்து பிறக்கிறது என்பதைத் தமிழ்நாட்டில் விளக்க, திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வாவை விடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே மங்கிய விளக்கு வெளிச்சத்தில் மாலை நேரத்தில் மட்டும் வியாபாரம் நடக்கும் கடை அது. இருட்டாக இருந்ததால் வாங்க வந்தவர்கள் 'இருட்டுக்கடை' என்றார்கள், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஊர் வாயில் வந்த பெயர் காலப்போக்கில் ஒரு குடும்பத்தின் சொத்தானது.

பின்னர் வேறொருவர் 'திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா' என்ற பெயரில் அல்வா விற்கத் தொடங்கினார். பழைய கடையின் உரிமையாளர் வழக்குத் தொடுத்தார். தம் குடும்பம் 1900 முதல் இந்தத் தொழிலை நடத்திவருவதாக அவர் தரப்பு கூறியது. கீழமை நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் பழைய கடைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தன. மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அங்கே எழுந்த கேள்வி சிக்கலானது. இரு தரப்பிடமும் பதிவுச் சான்றிதழ் இருந்தது. பதிவு பெற்ற ஒருவர், பதிவு பெற்ற இன்னொருவரைக் குறி மீறல் என்று சொல்லித் தடுக்கச் சட்டம் இடம் தருவதில்லை. அப்படியானால் வழக்கு எப்படி நிற்கும்?

2015இல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. முதலில் பயன்படுத்தியவரின் உரிமை, பதிவு பெற்றவரின் உரிமையை விட மேலானது என்றும், சான்றிதழ் இருந்தாலும் பிறர் பெயரில் தன் சரக்கை விற்பதைத் தடுக்கும் வழக்கு அவர் மீது செல்லும் என்றும் தீர்ப்பில் கூறியது. சட்டத்தின் 27ஆம் பிரிவு காப்பாற்றி வைத்திருக்கும் உரிமை இது. பதிவு என்பது ஏற்கெனவே இருக்கும் உரிமையை ஏற்றுக்கொள்வதே அன்றிப் புதிதாக ஒன்றைப் படைப்பது அன்று என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இதைப் படித்துவிட்டு 'அப்படியானால் பதிவே தேவையில்லை' என்று முடிவு கட்டுவது தவறு. அந்த வழக்கில் வென்றவரும் பதிவு பெற்றவர்தான். அவரது பழைமையை மெய்ப்பிக்கத் தலைமுறைகள் கடந்த வியாபாரமும், ஊரறிந்த பெயரும் இருந்தன. நேற்றுத் தொடங்கிய கடைக்கு அந்த வசதி இல்லை.

பதிவு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன

பதிவு செய்யாத குறியின் உரிமையாளர், தம் பெயருக்குச் சந்தையில் நன்மதிப்பு இருக்கிறது, எதிராளி அதைப் போல ஒன்றைக் காட்டி மக்களைக் குழப்புகிறார், அதனால் தமக்கு இழப்பு ஏற்படுகிறது என்ற மூன்றையும் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டும். பழைய ரசீதுகள், கணக்குப் புத்தகம், விளம்பரம், வாடிக்கையாளர் சாட்சியம் என எல்லாவற்றையும் திரட்ட வேண்டும். நன்மதிப்பு எந்த ஊர்வரை பரவியிருக்கிறது என்ற கேள்வியும் வரும். டொயோட்டா நிறுவனத்தின் 'பிரியஸ்' கார் உலகெங்கும் பெயர்பெற்றது. ஆனாலும் இந்தியாவில் அதே பெயரில் உதிரிபாகம் விற்ற நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் டொயோட்டா 2017இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. அந்த இந்திய நிறுவனம் பெயரைப் பயன்படுத்தத் தொடங்கிய காலத்தில் 'பிரியஸ்' என்ற பெயருக்கு இந்தியச் சந்தையில் போதிய அறிமுகம் இருந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே காரணம். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை.

பதிவு செய்தவருக்குச் சுமை குறைவு. சான்றிதழே முதல்நிலைச் சான்றாக ஏற்கப்படும். உரிமை நாடு முழுவதற்கும் உண்டு. தாம் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்திலுள்ள மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ஈரோட்டில் இருப்பவர், டெல்லியில் போலி விற்பவரைத் தேடி டெல்லிக்கு அலைய வேண்டியதில்லை. போலிக் குறியிட்டு விற்பது குற்றமும் ஆகும். அதற்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சட்டத்தில் உண்டு.

இங்கே பலர் குழம்பும் ஓர் இடம் உள்ளது. ஜி.எஸ்.டி. எண், உணவுப் பாதுகாப்பு உரிமம், உத்யம் சான்றிதழ், கம்பெனிப் பதிவு, இணைய முகவரி ஆகிய எதுவும் வணிகக்குறிப் பதிவு ஆகாது. கம்பெனிப் பதிவாளர் ஒரு பெயரை ஏற்றுக்கொண்டார் என்பதால் அந்தப் பெயரில் சரக்கு விற்கும் தனியுரிமை கிடைத்துவிடுவதில்லை. மாறாக, தம் பதிவுக்குறியோடு ஒத்திருக்கும் பெயரில் ஒரு கம்பெனி உருவானால், அது உருவான 3 ஆண்டுக்குள் குறியின் உரிமையாளர் விண்ணப்பித்து அந்தக் கம்பெனியின் பெயரையே மாற்றச் செய்யலாம். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் இதற்கு வழி செய்கிறது. பெயர்ப்பலகை, பில் புத்தகம், வாகனத்தில் எழுதிய எழுத்து எல்லாவற்றையும் அழித்து எழுதும் செலவு, பதிவுக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு.

எந்தப் பெயர் நிற்கும்

வணிகக்குறிச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, பதிவுக்குத் தகுதியற்ற பெயர்களைச் சொல்கிறது. பொருளின் வகை, தரம், அளவு, பயன், விலை, ஊர் ஆகியவற்றை நேரடியாகச் சொல்லும் சொற்களை ஒருவர் மட்டும் கையகப்படுத்த முடியாது. 'சுத்தமான நெய்' என்பதையோ 'காரமான மிளகாய்த்தூள்' என்பதையோ பதிவு செய்தால், மற்ற வியாபாரிகள் தங்கள் நெய்யை என்னவென்று சொல்லி விற்பது?

சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கு இதற்கு நல்ல விளக்கம். ஐ.டி.சி. நிறுவனம் தன் நூடுல்சை 'மேஜிக் மசாலா' என்ற பெயரில் 2010 முதல் விற்றுவந்தது. நெஸ்லே 2013இல் 'மேஜிக்கல் மசாலா' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஐ.டி.சி. வழக்குத் தொடுத்தது. உணவுத் தொழிலில் 'மேஜிக்' என்பது பலரும் கையாளும் பாராட்டுச் சொல், 'மசாலா' என்பதோ எல்லோருக்கும் பொது, இரண்டையும் சேர்ப்பதால் தனியுரிமை வராது என்று சொல்லி 2020இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. இரு பெரிய நிறுவனங்கள் பல ஆண்டுகள் வழக்காடி, கடைசியில் ஒரு சொல் யாருக்கும் சொந்தமில்லை என்று ஆனது.

இதிலிருந்து பெயர் சூட்டுவதற்கான வழி தெரிகிறது. அகராதியில் இல்லாத புதுச்சொல் மிகவும் வலுவானது. பொருளோடு தொடர்பே இல்லாத பழைய சொல்லும் வலுவானதே. கணினிக்கு ஆப்பிள் என்று பெயர் வைத்தது அப்படித்தான். 'இருட்டு' என்பதற்கும் அல்வாவுக்கும் தொடர்பில்லை என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். பொருளின் குணத்தை மறைமுகமாக உணர்த்தும் பெயர் ஓரளவு நிற்கும். நேரடியாக விவரிக்கும் பெயர் நிற்காது. வியாபாரிகள் பெரும்பாலும் கடைசி வகையைத்தான் விரும்புகிறார்கள், வாங்குபவருக்கு உடனே புரியும் என்பதற்காக. அதே காரணத்தால்தான் அதைக் காப்பாற்றவும் முடிவதில்லை. விவரிக்கும் பெயரானாலும், நீண்ட காலப் பயன்பாட்டால் அது ஒரு குறிப்பிட்ட வியாபாரியை மட்டுமே குறிக்கும் நிலையை அடைந்துவிட்டால் பதிவு பெறலாம் என்று சட்டம் விலக்கும் தருகிறது. அதை மெய்ப்பிப்பது விண்ணப்பதாரரின் பொறுப்பு.

தமிழ்நாட்டுக் கடைவீதிகளில் பாதிப் பெயர்கள் கடவுள் பெயர்கள். முருகன், லட்சுமி, மீனாட்சி என்ற பெயர்களை மட்டும் தனியே வைத்துத் தனியுரிமை கோருவது கடினம். ஏனென்றால் அதே தொழிலில் அதே பெயரில் நூறு பேர் இருப்பார்கள். மத நூலின் பெயருக்கும் இதே நிலை. ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்ற பெயரைப் பதிவு செய்யக் கோரியவர் 2015இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். மத நூல்களின் பெயரை எவரும் வணிகத்துக்காகத் தனியுரிமை கொண்டாட முடியாது என்று நீதிமன்றம் கூறியது. கடவுள் பெயரோடு வேறொரு தனித்த சொல்லையோ, குறிப்பிட்ட வடிவமைப்பையோ சேர்த்துப் பதிவது வழக்கம். அப்போது உரிமை முழுச் சேர்க்கைக்குத்தான், கடவுள் பெயருக்கு அன்று.

மத உணர்வைப் புண்படுத்தும் குறி, ஆபாசமான குறி, மக்களை ஏமாற்றும் குறி ஆகியவையும் விலக்கப்பட்டவை. தேசியச் சின்னமும் காந்தியின் பெயரும் படமும் 1950ஆம் ஆண்டின் தனிச்சட்டத்தால் காக்கப்படுகின்றன. உயிரோடு இருப்பவரின் அல்லது இறந்து 20 ஆண்டு ஆகாதவரின் பெயரையோ உருவத்தையோ வைத்தால், அவருடைய அல்லது அவர் சார்பாளரின் எழுத்து வழியான சம்மதத்தைப் பதிவாளர் கேட்கலாம். நடிகர் படத்தைப் பொட்டலத்தில் போட நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய விதி இது.

ஒத்திருத்தல் என்றால் என்ன

பெயர் தகுதியுள்ளதாக இருந்தாலும், முன்பே பதிவான குறியோடு மக்களைக் குழப்பும் அளவுக்கு ஒத்திருந்தால் 11ஆம் பிரிவின்படி மறுக்கப்படும். ஒற்றுமையை அளக்கும் முறை வழக்குகளில் படிப்படியாக உருவானது. இரண்டு பெட்டிகளை அருகருகே வைத்து வேறுபாடுகளை எண்ணுவது சரியான முறை அன்று. வாங்குபவர் கையில் ஒன்று இருக்கும், மற்றது அவர் நினைவில் அரைகுறையாக இருக்கும். அந்த அரைகுறை நினைவோடு கடைக்கு வரும் சாதாரண மனிதர் ஏமாறுவாரா என்பதே கேள்வி.

1962இல் உச்ச நீதிமன்றம் 'அமிர்ததாரா', 'லட்சுமண்தாரா' என்ற இரு மருந்துப் பெயர்களை இப்படித்தான் பார்த்தது. ஒன்றின் பொருள் அமுதத்தின் ஒழுக்கு, மற்றது லட்சுமணனின் ஒழுக்கு, எனவே வேறு வேறு என்று பண்டிதர் வாதிடலாம். மருந்து வாங்க வரும் கிராமத்து மனிதர் சொல்லைப் பிரித்துப் பொருள் பார்ப்பதில்லை, மொத்த ஓசையைத்தான் கேட்கிறார் என்று சொல்லி, இரண்டும் குழப்பம் தருபவை என்று நீதிமன்றம் முடிவு செய்தது. ஆனாலும் லட்சுமண்தாரா முற்றிலும் தோற்கவில்லை. அமிர்ததாராக்காரர் அதை நெடுங்காலம் அறிந்தும் பேசாமல் இருந்ததால், உத்தரப் பிரதேசத்துக்குள் மட்டும் லட்சுமண்தாராவுக்குப் பதிவு அனுமதிக்கப்பட்டது. பேசாமல் இருப்பதன் விலை இன்றைய சட்டத்தில் வெளிப்படையாகவே எழுதப்பட்டுள்ளது. பின்னால் பதிவான குறி பயன்படுவதை அறிந்தும் முந்திய குறியின் உரிமையாளர் தொடர்ந்து 5 ஆண்டு சும்மா இருந்தால், அந்தப் பதிவு நல்லெண்ணம் இல்லாமல் பெறப்பட்டது என்று காட்டினாலன்றி அதை எதிர்க்கும் உரிமையை இழக்கிறார்.

மருந்து என்றால் அளவுகோல் இன்னும் கடுமை. மலேரியாவுக்கான 'ஃபால்சிகோ', 'ஃபால்சிடாப்' என்ற இரு மருந்துகள் பற்றிய வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. இரண்டு பெயர்களும் நோய்க்கிருமியின் பெயரிலிருந்து வந்தவை, மருந்துகளோ வேறு வேறு. பிஸ்கட்டை மாற்றி வாங்கினால் போவது காசு. மருந்தை மாற்றிக் கொடுத்தால் போவது உயிராக இருக்கலாம். பல மொழிகள் பேசப்படும், படிப்பறிவு குறைந்த மக்களும் மருந்து வாங்கும் நாட்டில், மருத்துவச் சீட்டு இருக்கிறது என்பது போதிய காப்பு ஆகாது என்று நீதிமன்றம் கருதியது.

எல்லா ஒற்றுமையும் தடையாவதில்லை. கர்நாடகப் பால் கூட்டமைப்பின் 'நந்தினி' பாலுக்கும், பெங்களூரின் 'நந்தினி டீலக்ஸ்' உணவகத்துக்கும் நடந்த வழக்கில், பெயர் ஒன்று போல் ஒலித்தாலும் பால் வேறு, உணவகம் வேறு, குறிகளின் தோற்றமும் வேறு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் உணவகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. பாலுக்கும் பால் பொருள்களுக்கும் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்ற வரம்போடு.

45 வகுப்புகள்

நந்தினி வழக்கைப் புரிந்துகொள்ள வகுப்பு முறை தெரிய வேண்டும். நீஸ் வகைப்பாடு என்ற பன்னாட்டு முறைப்படி எல்லாப் பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. 1 முதல் 34 வரை பொருள்கள், 35 முதல் 45 வரை சேவைகள். பதிவு, விண்ணப்பித்த வகுப்பில் குறிப்பிட்ட பொருள்களுக்கே செல்லும். காபித்தூள், மசாலாப் பொடி, அப்பளம், இனிப்பு வகைகள் 30ஆம் வகுப்பு. சமையல் எண்ணெய், ஊறுகாய், பால் 29. ஆயத்த ஆடை 25. நகை 14. சிவகாசிக்காரர்களுக்கு இரண்டு வகுப்புகள் முக்கியமானவை. பட்டாசு 13, தீப்பெட்டியோ புகையிலையோடு சேர்ந்து 34. உணவகம் 43.

காபித்தூள் விற்பவர் 30இல் பதிந்துவிட்டு, பிறகு அதே பெயரில் காபிக் கடை திறந்தால் 43ஆம் வகுப்பிலும் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு வகுப்புக்கும் தனிக் கட்டணம். எதிர்காலத்தில் செய்யலாம் என்று நினைக்கும் எல்லாத் தொழிலுக்கும் பதிந்து வைப்பதும் வீண். பதிவு பெற்றும் 5 ஆண்டுக்கு மேல் பயன்படுத்தாத குறியை நீக்கும்படி பாதிக்கப்பட்டவர் எவரும் கேட்கலாம்.

பதிவு நடைமுறை

முதல் வேலை தேடல். அறிவுசார் சொத்து அலுவலகத்தின் இணையதளத்தில் கட்டணமின்றித் தேடலாம். எழுத்து ஒத்த பெயர்களை மட்டுமல்லாமல் ஓசை ஒத்த பெயர்களையும் வகுப்பு வாரியாகப் பார்க்க வேண்டும். தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே பெயர் நான்கு விதமாக எழுதப்படுவதால், எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடுவது அவசியம். படக்குறிகளுக்குத் தனித் தேடல் உண்டு. பதிவேட்டில் இல்லாத, ஆனால் சந்தையில் புழங்கும் பெயர்களை இந்தத் தேடல் காட்டாது. இருட்டுக்கடை வழக்கு காட்டுவது போல, அவர்களும் ஒருநாள் வந்து நிற்கலாம். அதனால் கடைவீதியிலும் விசாரிக்க வேண்டும்.

விண்ணப்பம் டி.எம்.-ஏ என்ற படிவத்தில் அளிக்கப்படுகிறது. பதிவகத்தின் தலைமையகம் மும்பை. சென்னை, டெல்லி, கொல்கத்தா, அகமதாபாத் ஆகியவை கிளைகள். தமிழ்நாடு, புதுச்சேரி உள்ளிட்ட தென்மாநிலங்களுக்குக் கிண்டியில் உள்ள சென்னை அலுவலகம் உரியது. தனிநபர், புத்தொழில் நிறுவனம், சிறுதொழில் ஆகியவற்றுக்கு ஒரு வகுப்புக்கு இணையவழிக் கட்டணம் 4,500 ரூபாய், தாளில் அளித்தால் 5,000. மற்றவர்களுக்கு 9,000, 10,000. சிறுதொழிலுக்கான சலுகையைப் பெற உத்யம் சான்றிதழ் உதவும். இவை 2017ஆம் ஆண்டு விதிகளின் அரசுக் கட்டணங்கள் மட்டுமே. முகவர் அல்லது வழக்கறிஞர் ஊதியம் தனி. முகவர் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை, உரிமையாளரே விண்ணப்பிக்கலாம்.

தமிழ் எழுத்தில் உள்ள குறியையும் பதியலாம். அதன் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ சேர்த்துத் தர வேண்டும். குறியை ஏற்கெனவே பயன்படுத்திவந்தால், எந்த நாள் முதல் என்று குறிப்பிட்டு உறுதிமொழிப் பத்திரமும் அதற்கான சான்றுகளும் இணைக்க வேண்டும். இன்னும் பயன்படுத்தவில்லை என்றால் 'பயன்படுத்த உள்ளது' என்று குறிப்பிட்டால் போதும். இந்தக் கட்டத்தில் செய்யும் கவனக்குறைவு பின்னால் பெரிதாக வலிக்கும். 20 ஆண்டாகத் தொழில் செய்பவர், சான்று தேடச் சோம்பி 'பயன்படுத்த உள்ளது' என்று எழுதிவிட்டால், தமக்கு மிகப் பெரிய பலமான முன்பயன்பாட்டைத் தாமே பதிவேட்டில் மறுத்தவர் ஆகிறார். முதல் பில் புத்தகத்தைப் பழைய தாள்காரருக்குப் போடாமல் வைத்திருப்பவர் பிழைத்தார்.

விண்ணப்பம் யார் பெயரில் என்பதும் அவ்வளவே முக்கியம். அண்ணன் தம்பிகள் சேர்ந்து நடத்தும் கடையில், குறியை ஒருவர் மட்டும் தம் பெயரில் பதிந்துகொண்டால், பங்கு பிரியும் நாளில் பெயர் யாருக்கு என்ற வழக்கு வரும். கூட்டு நிறுவனம் என்றால் ஒப்பந்தத்திலேயே குறியின் உடைமை பற்றி எழுதிவைப்பது நல்லது. பழம்பெரும் உணவகங்களும் ஜவுளிக் கடைகளும் ஒரே பெயரின் முன்னும் பின்னும் சிறு சொல் சேர்த்துப் பிரிந்து நிற்பதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கதைதான் இருக்கும்.

விண்ணப்பித்தபின் அலுவலர் ஆய்வு செய்து ஆய்வறிக்கை அனுப்புவார். ஆட்சேபம் இருந்தால் அறிக்கை கிடைத்த 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படலாம். பல விண்ணப்பங்கள் தகுதிக் குறைவால் அல்ல, மின்னஞ்சலைப் பார்க்காததால் சாகின்றன. பதில் ஏற்கப்பட்டாலோ நேர்விசாரணையில் திருப்தி ஏற்பட்டாலோ குறி வணிகக்குறி இதழில் வெளியாகும். வாரந்தோறும் இணையத்தில் வரும் இதழ் அது. வெளியான நாளிலிருந்து 4 மாதத்துக்குள் எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். எதிர்ப்பு வந்தால், அதன் நகல் கிடைத்த 2 மாதத்துக்குள் எதிர்வாதம் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும்.

ஆட்சேபமும் எதிர்ப்பும் ஒன்றல்ல. முன்னது அலுவலகம் எழுப்புவது, பெரும்பாலான விண்ணப்பங்களுக்கு வழக்கமாக வருவது, அஞ்சத் தேவையில்லாதது. பின்னது வெளியார் தொடுப்பது, ஏறக்குறைய ஒரு வழக்கைப் போலச் சாட்சியம், விசாரணை என ஆண்டுக்கணக்கில் நீளக்கூடியது. எதிர்ப்பு வராவிட்டால் சான்றிதழ் வழங்கப்படும். பதிவு, விண்ணப்பித்த நாளிலிருந்தே செல்லும். அவசரம் என்றால் விரைவு நடைமுறை உண்டு. சிறுதொழிலுக்கு அதன் இணையவழிக் கட்டணம் 20,000 ரூபாய், மற்றவர்களுக்கு 40,000. விரைவு என்பது அலுவலகத்தின் ஆய்வுக்குத்தான், எதிர்ப்புக்கான 4 மாதம் அப்போதும் குறையாது.

சான்றிதழ் வந்த பிறகே, வட்டத்துக்குள் ஆர் எழுத்து இட்ட அடையாளத்தைப் பெயரருகே போடலாம். பதிவாகாத குறியைப் பதிவானதாகக் காட்டுவது சட்டப்படி தண்டத்துக்குரியது. டி.எம். என்ற எழுத்துகளை எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அது உரிமை கோருவதன் அறிவிப்பு மட்டுமே. பொட்டலம் அச்சடிக்கும் அச்சகங்களில் இந்த இரண்டும் வேறுபாடின்றி அழகுக்காகச் சேர்க்கப்படுவது உண்டு.

பதிவாளரின் முடிவுகள் மீதான மேல்முறையீட்டைச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2003 முதல் கேட்டுவந்தது. 2021இல் அது கலைக்கப்பட்டதால், இப்போது மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்கே செல்கிறது.

பதிவுக்குப் பின்

பதிவு 10 ஆண்டு செல்லும். ஒவ்வொரு 10 ஆண்டுக்கும் புதுப்பித்தால் முடிவே இல்லை. காப்புரிமை 20 ஆண்டில் முடிகிறது, நூல் பதிப்புரிமையும் ஒருநாள் முடிகிறது, வணிகக்குறி மட்டும் முடிவதில்லை. பிரிட்டனில் 1876 ஜனவரி 1 அன்று முதலாவதாகப் பதிவான பாஸ் மதுபான நிறுவனத்தின் சிவப்பு முக்கோணம் நூறாண்டைக் கடந்தும் வாழ்ந்தது. புதுப்பித்தல் கட்டணம் ஒரு வகுப்புக்கு இணையவழியில் 9,000 ரூபாய். காலக்கெடு தவறினால் கூடுதல் கட்டணத்தோடு 6 மாதமும், அதற்குப் பிறகு மீட்டெடுக்க இன்னும் 6 மாதமும் கிடைக்கும். அதையும் தவறவிட்டால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியதுதான்.

குறியை மற்றவருக்கு விற்கலாம், உரிமம் தந்து பயன்படுத்தவிடலாம். வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்பவர் கவனிக்க வேண்டியது, இந்தியப் பதிவு இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும் என்பது. 2013 ஜூலை முதல் இந்தியா மாட்ரிட் நெறிமுறையில் உறுப்பு நாடு. அதனால் இங்கிருந்தே ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் பாதுகாப்புக் கோரலாம். சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ சரக்கு அனுப்பத் தொடங்கிய பிறகு, அங்குள்ள முகவரே அந்தப் பெயரைத் தம் பெயரில் பதிந்துகொண்டதை அறிவது கசப்பான அனுபவம்.

காஞ்சிபுரம் பட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலைமிட்டாய் போன்றவை பெற்றிருப்பது புவிசார் குறியீடு. அது வேறு சட்டம், வேறு பதிவேடு. அந்த ஊரில் உரிய முறைப்படி செய்யும் எல்லோருக்கும் பொதுவான உரிமை அது. தனி ஒருவரோ ஒரு கடையோ அதைத் தம் வணிகக்குறி ஆக்க முடியாது. பால்கோவா விற்பவர் ஊர்ப் பெயருக்கான பயனர் பதிவையும், தம் கடைப் பெயருக்கான வணிகக்குறியையும் தனித்தனியே பெறலாம்.

ஒரு குறி அளவு கடந்து வெற்றி பெறுவதிலும் ஆபத்து உண்டு. தமிழ்நாட்டில் நகல் எடுக்கும் கடைக்கே 'ஜெராக்ஸ் கடை' என்று பெயர். எந்த நிறுவனத்தின் எந்திரம் என்று எவரும் கேட்பதில்லை. வனஸ்பதி எதுவானாலும் ஒரு காலத்தில் வீடுகளில் டால்டாதான். குறி பொருளின் பொதுப் பெயராகிவிட்டால் அதன் அடையாளம் காட்டும் வேலை முடிந்துவிடுகிறது, சட்டப் பாதுகாப்பும் கைநழுவக்கூடும். அமெரிக்காவில் ஆஸ்பிரினும் எஸ்கலேட்டரும் ஒரு காலத்தில் தனி நிறுவனங்களின் குறிகள். இன்று அங்கே யார் வேண்டுமானாலும் ஆஸ்பிரின் என்று எழுதி மாத்திரை விற்கலாம்.